நம்ம ஆளுங்களுக்கு இது ஒத்துவராது

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. உங்களுக்கும் உலகத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற எதையும் முதலில் தாங்கள் வாங்கி, முகர்ந்து பார்த்து, காரத்தைக் குறைத்து, முள்ளை எடுத்து, வேண்டுமானால் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை உங்கள் தட்டில் வைப்பார்கள். வில்லத்தனம் துளியும் கிடையாது. எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான். ஏனய்யா இப்படி என்று கேட்டால் குரலைத் தாழ்த்தி, "நம்ம ஆளுங்களுக்கு இது ஒத்துவராதுங்க" என்பார்கள்.

நம்ம ஆளுங்க என்றால் யார்? சொல்கிறவரைத் தவிர மற்ற எல்லாரும்.

கல்யாணப் பேச்சில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடுகிற சித்தப்பாவை உங்களுக்குத் தெரியும். பேரன் கேட்ட கேள்வி தாத்தாவுக்கும், தாத்தா விட்ட ஏச்சு பேரனுக்கும் போய்ச்சேராமல் பார்த்துக்கொள்ளும் மருமகளையும் தெரியும். இவர்களெல்லாம் சாதாரண மாதிரிகள். அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரகடம் போக வேண்டும். அங்கே, காரின் உடம்புக்குள் நரம்பு மாதிரி ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டித் தரும் ஒரு ஜப்பான் கம்பெனியில், மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறான் கார்முகில்.

கார்முகிலிடம் என்ன விசேஷம் என்றால், இந்த ரகத்தின் மேல் அவனுக்கு இருந்த ஆத்திரம். அவ்வளவு ஆத்திரத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அவன் ஜப்பானிய மொழி படித்ததே வீடியோ கேமுக்காக. துப்பாக்கியை எடுத்தோம், நாலு பேரைச் சுட்டோம், சாப்பிடப் போனோம் என்கிற கேம் அல்ல. வாரக்கணக்கில் நீளும் கதை, கதைக்குள் ஊர், ஊருக்குள் சாமி, சாமிக்கு ஒரு சதி, சதியை முறியடிக்க நாலைந்து நண்பர்கள், இடையிடையே வாள்சண்டை, இதையெல்லாம் நாமே ஒரு பாத்திரமாக நடந்து கடக்கிற ரோல் பிளேயிங் கேம். இந்த வகையில் ஜப்பான்காரனை அடிக்க ஆளில்லை என்பான். ஆனால் அதில் சில கேம்கள் ஜப்பானைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. இங்கிலீஷில் வராது. வேறெதிலும் வராது. அப்படி வராத கேம்களின் பட்டியல்தான் கார்முகிலுக்கு வேதம்.

இருங்காட்டுக்கோட்டை டீக்கடையில் யாராவது செல்போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தால் போதும். கார்முகில் பெஞ்சில் அவர் பக்கத்தில் நெருங்கி உட்காருவான். "பாஸ், ஜப்பான்ல ஒரு கேம் கீது. வெளிய வரவே வராது. ஏன் தெரியுமா?" என்பான். அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உத்தேசமும் இல்லை. கார்முகில் அதற்கெல்லாம் அசருபவனா?

"சாமிய வில்லனா காட்டிட்டான்னு ஒண்ணு நிறுத்திட்டானுங்க. சின்ன வயசுப் பொண்ணு மாதிரி வரஞ்சிட்டு கண்றாவியா எதனா வச்சிருந்தா, அது வராததே நல்லது, நானே வேணான்னுதான் சொல்லுவேன். யுத்தத்துல யாரு பண்ணது தப்புன்னு சொல்லப்போயி ஒண்ணு நின்னுபோச்சி. எந்த வயசுக்காரன் பாக்கலாம்னு சான்றிதழ் குடுக்கிற எடத்துல ஒண்ணு மாட்டிக்கிச்சி. ஆனா பாஸ், பாதிக்கு மேல யாரும் தட பண்ணவே இல்ல. கம்பெனிக்குள்ளாறயே ஒர்த்தன் ஒக்காந்துகினு, வெளிநாட்டுக்காரனுக்கு இது ஒத்துவராதுன்னு சொல்லிட்டான். அவன் யாரு பாஸ் அத்த சொல்றதுக்கு? முன்னாடியெல்லாம் கேம்ல வர்ற சாராயக்கடய இங்கிலீஷ்ல காபிக்கடன்னு மாத்திட்டானுங்க! கல்லறை மேல கீற சிலுவய அழிச்சிட்டானுங்க! நாம இன்னா கொழந்தயா?"

டீ ஆறிப்போயிருக்கும். கேட்டவர் பஸ்ஸைப் பிடித்துப் போயிருப்பார். கார்முகில் மட்டும் கண் சிவந்து உட்கார்ந்திருப்பான். அநியாயம் என்றால் அநியாயம்தானே?

இப்போது இந்தப் புரட்சிக்காரனின் அறைக்குப் போவோம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறை. கூட இருப்பவன் கோபால். அதே கம்பெனியில் ஒயர் சுருள்களைத் தள்ளுவண்டியில் வைத்து லைனுக்குத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான், மீசை பார்த்தால் பயமாக இருக்கும், சீரியலில் யாராவது அழுதால் இவனும் அழுவான். கார்முகிலிடம் வெளிநாட்டுக்கு வராத கேம் ஒன்றின் டிஸ்க் இருந்தது. 'பனிமலைக் காணிக்கை' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை டிவியில் போட்டு விளையாடுவான். ஜப்பானிய மொழியில் வருகிற வசனத்தைக் கார்முகில் உடனுக்குடன் தமிழில் சொல்ல, பஜ்ஜியைக் கடித்தபடி கோபால் கதை கேட்பான்.

அந்தக் கதையில், பனிமலையின் அடிவாரத்து ஊரார் வருஷத்துக்கு ஒரு குழந்தையை மலைத் தெய்வத்துக்குக் காவு கொடுப்பார்கள். ஒரு வருஷம் கதாநாயகியின் தம்பி முறை வருகிறது. அவள் வாளை எடுத்துக்கொண்டு மலையேறுகிறாள்.

கார்முகிலுக்கு அங்கேதான் சிக்கல். கோபாலுக்கு ஒரு தம்பி இருந்தான். சின்ன வயதில் ஏரியில் மூழ்கிப் போய்விட்டான். கோபால் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் வேறு. தம்பி சாகிறதும் சாமியைக் கொல்கிறதுமாக ஒரு கதையை இவனிடம் எப்படிச் சொல்வது? பாவம். தாங்கமாட்டான். இவனுக்கெல்லாம் இது ஒத்துவராது.

ஆகவே கார்முகில் வாயில் அந்தக் கேமின் பெயர் 'பனிமலைப் பள்ளிக்கூடம்' ஆகிவிட்டது. தம்பியைக் காவு கொடுக்கவில்லை, மலையுச்சி ஹாஸ்டலில் சேர்க்கிறார்கள். தெய்வம் ஹெட்மாஸ்டர் ஆகிவிட்டார்.

"இன்னாடா, ஹாஸ்டல்ல வுட்றதுக்கா அந்தம்மா இப்டி மண்ணுல பொரண்டு அழுவுது?" என்று கேட்டான் கோபால்.

"பாசம் மச்சான்."

"ஹெட்மாஸ்டருக்கு ஆறு கை கீது?"

"ஜப்பான்ல அப்டித்தான். வேல ஜாஸ்தி."

கோபால் தலையாட்டிக்கொண்டான். ஜப்பான்காரர்கள் உழைப்பாளிகள் என்று அவனும் கேள்விப்பட்டிருந்தான்.

சாராயக்கடையைக் காபிக்கடையாக மாற்றியவனைத் தூக்கில் போட வேண்டும் என்று டீக்கடையில் பேசியவன்தான் இவன். உறுத்தவில்லையா என்று கேட்கிறீர்களா? உறுத்துமா? அவர்கள் செய்தது தணிக்கை. இவன் செய்தது நட்பு.

சரி, ஒரு கேமோடு போயிருந்தால் இதைச் சொல்ல நான் இவ்வளவு தூரம் வந்திருக்கமாட்டேன். கம்பெனியிலும் இதே கத்தரிதான் வேலை பார்த்தது.

கம்பெனிக்கு ஆலோசகராக ஜப்பானிலிருந்து மொரியாமா என்றொருவர் வந்திருந்தார். மெலிந்த உருவம், சாம்பல் தலை, யாரைக் கண்டாலும் குனிந்து வணங்குவார். மாதம் ஒருநாள் கேன்டீனில் கூட்டம் போட்டு, "உங்கள் குறைகளைச் சொல்லுங்கள்" என்பார். அவர் சொல்வது கார்முகில் வழியாகத் தொழிலாளர்களுக்கு வரும். தொழிலாளர்கள் சொல்வது கார்முகில் வழியாக அவருக்குப் போகும். பக்கத்திலேயே எச்.ஆர். மேனேஜர் வரதராஜுலு நிற்பார். அவர் எதையும் மறைக்கச் சொன்னவரல்ல. சங்கடமான பேச்சு வரும்போது இருமுவார். அவ்வளவுதான்.

ஒயர் கட்டும் லைனில் எல்லாரும் பெண்கள். போர்டு எனப்படும் பெரிய பலகையில் ஒயர்களைப் பரப்பிக் கட்டுவது, ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. ஒரு கூட்டத்தில் தேவிப்பிரியா எழுந்தாள். காஞ்சிபுரம் பக்கத்துப் பெண், அந்த லைனுக்கு லீடர்.

"நிக்க முடியல சார். காலெல்லாம் வீங்கிப்போவுது. போர்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலு போட்டீங்கன்னா, நடுநடுவுல ஒக்காந்துகினு செய்வோம். வேல ஒண்ணும் கொறையாது."

வரதராஜுலு இருமினார்.

கார்முகில் யோசித்தான். ஜப்பான்காரர் நின்று வேலை செய்வதையே பெருமையாக நினைப்பவர். ஸ்டூல் என்று கேட்டால் இந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றல்லவா முடிவுகட்டிவிடுவார்? நல்ல பெண். காப்பாற்ற வேண்டும். காப்பாற்றினான். "அந்த இடம் கொஞ்சம் புழுக்கமாக இருக்கிறதாம். மற்றபடி எல்லாரும் உற்சாகமாக இருக்கிறார்கள்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னான்.

மொரியாமா அக்கறையோடு தலையாட்டினார். லைனுக்கு ஒரு ராட்சத ஃபேன் வந்தது.

அடுத்த மாதத்துக்குள் பிரவீனா என்ற பெண் லைனிலேயே மயங்கி விழுந்தாள். மறுநாளே அவளைத் திரும்ப நிற்கவைத்துவிட்டார்கள். கூட்டத்தில் தேவிப்பிரியா மறுபடி எழுந்தாள்.

"ஸ்டூலு கேட்டா ஃபேனு குடுக்கறீங்க. மனுசங்கள நிக்கவெச்சே கொன்னுடலாம்னு இருக்கீங்களா சார்?"

கார்முகில் இதை எப்படி மொழிபெயர்த்தான் என்று நினைக்கிறீர்கள்? "ஃபேனுக்கு நன்றி தெரிவிக்கிறார். இன்னொன்று கிடைத்தால் மகிழ்ச்சி என்கிறார்."

பிரவீனா விழுந்த செய்தி மொரியாமாவுக்கு வேறு வழியாக எட்டியிருந்தது. "மயங்கி விழுந்த பெண்ணை மறுநாளே யார் வேலைக்கு அழைத்தது? எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றார்.

ஒரு பெரிய அதிகாரி தன் ஊழியர்கள் முன்னால் இப்படிப் பேசினால் மரியாதை என்ன ஆவது? அதுவும் ஒத்துவராது. கார்முகில் மைக்கைப் பிடித்தான். "சார் உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப சந்தோஷப்பட்றாரு. பிரவீனா ஒடம்ப பாத்துக்கணும்னு சொல்றாரு."

இரண்டாவது ஃபேன் வந்தது. பெண்கள் மொரியாமாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர் குனிந்து வணங்கினால் நடிப்பு என்றார்கள். "அந்தாளுக்கு நெஞ்சுல ஈரமே கெடயாது. நான் வேலய வுட்டுட்டுப் போறேன்" என்று தேவிப்பிரியா கோபாலிடம் சொல்லி அழுதிருக்கிறாள். மொரியாமாவோ, இரண்டு ஃபேன் கொடுத்தும் ஏன் தன்னை வெறுக்கிறார்கள் என்று புரியாமல் இளைத்துப்போனார். இரண்டு பக்கத்தையும் காப்பாற்றிவிட்ட திருப்தியில் கார்முகில் மட்டும் நன்றாகத் தூங்கினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாம் தலைகீழானது.

காலையிலேயே வெளியே போயிருந்த கார்முகில் தயிர் பாக்கெட்டோடு மாடியேறினான். அறைக்குள்ளிருந்து யாரோ செய்தி வாசிப்பது போல ஒரு பெண் குரல் கேட்டது.

"அந்தச் சிறுவன் தெய்வத்திற்கு உணவாக அளிக்கப்படுகிறான். விடுதி எதுவும் இல்லை."

வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் மொரியாமா. நெற்றியில் குங்குமம். ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலைப் பார்க்கப் போனவரை அந்தப் பக்கம் மீன் வாங்கப் போன கோபால் பார்த்து, சைகையிலேயே பேசி, மீன்குழம்பு சாப்பிட இழுத்து வந்துவிட்டான். அவர் முன்னால் தட்டு. தட்டுக்குப் பக்கத்தில், ஜப்பானிய மொழியில் பேசினால் தமிழிலும், தமிழில் பேசினால் ஜப்பானிய மொழியிலும் ஒப்பிக்கிற செல்போன். எதிரே டிவியில் பனிமலைக் காணிக்கை நிறுத்தின இடத்தில் நின்றது. கோபால் எதார்த்தமாக, "இந்த ஹாஸ்டல் கத நல்லா கீது சார், ஆனா ஹெட்மாஸ்டர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு" என்று போனில் சொல்லியிருக்கிறான். மொரியாமா திரையில் நின்ற எழுத்தைப் படித்துவிட்டுக் குழம்பிப்போய், உள்ளதைச் சொல்லிவிட்டார்.

கோபால் திரும்பிப் பார்த்தான். தயிர் பாக்கெட்டோடு நிற்கிற நண்பனைப் பார்த்தான்.

"ஏன்டா, அந்தப் பையன் செத்துப்போறானா?"

கார்முகில் டிவியைப் பார்த்தான்.

"அந்தம்மா அழுவுது, நான் பஜ்ஜி துன்னுகினு, இன்னா ஓவரா நடிக்குதுன்னு சிரிச்சிகினு இருந்தேன். ஏன்டா மாத்துன?"

"ஒன் தம்பி நெனப்பு வரும்னுதான் மச்சான். நீ தாங்கமாட்டன்னு..."

கோபால் எழுந்து நின்றான். அறை சின்னதாகிவிட்டது.

"நான் தாங்குறனா இல்லயான்னு என்னாண்ட கேட்டியா? எங்க வூட்ல அவன் பேரயே எடுக்கமாட்டாங்கடா. எல்லாம் என்னய அழவெக்கக் கூடாதுன்னு. எங்கயோ ஒரு ஜப்பான்காரன் தம்பியத் தேடிப்போற கதய எழுதி வெச்சிக்கிறான். அத்த நான் பாத்துருப்பேன்டா. அழுதுகினே பாத்துருப்பேன்."

கார்முகில் தயிர் பாக்கெட்டைக் கைமாற்றிப் பிடித்தான்.  

இதற்குள் கோபாலின் மூளையில் வேறொரு பொறி தட்டிவிட்டது. மெதுவாகப் போனை எடுத்தான். "சார், தேவிப்பிரியா ஸ்டூலு கேட்டுச்சே, நீங்க எதுக்கு ஃபேனு குடுத்தீங்க?"

மொரியாமா போனைப் பார்த்தார். பிறகு கார்முகிலைப் பார்த்தார். ஏதோ சொன்னார். போனுக்குள்ளிருந்த செய்தி வாசிப்பவள் வாசித்தாள்.

"இருக்கை குறித்து எனக்கு எவரும் தெரிவிக்கவில்லை. காற்று வேண்டும் என்றே தெரிவிக்கப்பட்டது."

தயிர் பாக்கெட் கீழே விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை. அன்று உடையாமல் இருந்தது அது ஒன்றுதான்.

கார்முகில் ஜப்பானிய மொழியில் கொட்டித் தீர்த்தான். அவர்கள் கரடுமுரடாகப் பேசுவார்கள், நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள் என்றுதான். நீங்கள் மன்னிப்புக் கேட்டால் அவர்கள் உங்களை மதிக்கமாட்டார்கள் என்றுதான். எல்லாம் எல்லாருடைய நன்மைக்காகத்தான். மொரியாமா முழுவதையும் கேட்டார். மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கார்முகிலுக்கு.

கடைசியில் டிவியைக் காட்டி, "இது வெளிநாடுகளில் வரவில்லை இல்லையா?" என்றார்.

அந்தப் பாழாய்ப்போன நேரத்திலும் கார்முகிலுக்கு ஆர்வம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் வரவில்லை? தெய்வத்தைக் கொல்வதாலா? குழந்தை சாவதாலா? யார் தடுத்தார்கள்?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஒயர்க்காரன்" என்றார் மொரியாமா. "ஆனால் எங்கள் ஊர்க் கம்பெனிக் கூட்டங்களில் ஆயுளில் பாதியைக் கழித்திருக்கிறேன். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நடுவில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நல்ல மனிதர். வெளிநாட்டில் யாராவது கோபித்துக்கொண்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டிருப்பார். கோபம் வருமா என்று அந்த வெளிநாட்டுக்காரர்களை அவர் கேட்டிருக்க மாட்டார். உங்களைப் போலத்தான்."

டீக்கடைதோறும் இவன் தூக்கில் போடச் சொன்ன ஆளின் முகம் எப்படி இருக்கும் என்று கார்முகிலுக்கு அன்றுதான் தெரிந்தது. அறைச் சுவரில் கண்ணாடி எதிரேயே மாட்டியிருந்தது.

போகும்போது மொரியாமா ஒன்றே ஒன்று சொன்னார். "அடுத்த கூட்டத்தில் அவர்கள் சொல்வதெல்லாம் வேண்டும். முள்ளோடு."

அடுத்த கூட்டம் வந்தது. கோபால் வழியாக விஷயம் லைன் முழுக்கப் பரவியிருந்தது.  கார்முகிலின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ராஜினாமா செய்துவிட்டு மறைமலை நகர்ப் பக்கம் வேறு வேலை பார்த்தால் என்ன என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான். தேவிப்பிரியா எழுந்தாள்.

"மொரியாமா சார், நாங்க ஃபேனு கேக்கல. அந்த ஃபேன்ல எங்க முடிதான் பறக்குது, கால்வலி பறக்கல. பிரவீனா மயங்கி வுழுந்தப்ப, அவள தூக்கறதுக்கு முன்னாடி அவ போர்டுல வேற ஆள நிக்கவெச்சாங்க. ஒங்க வூட்டம்மா நாள் முச்சூடும் நின்னுகினே இருந்தா நீங்க ஃபேனு வாங்கினு போவீங்களா? ஒக்கார ஸ்டூலு வேணும். அவ்ளோதான்."

கார்முகில் மொழிபெயர்த்தான். முடி பறந்தது. போர்டில் வேறு ஆள் நின்றாள். மொரியாமாவின் மனைவியும் வந்தார். ஒரு சொல்லையும் விடவில்லை. 

வரதராஜுலு இருமினார்.

"எச்.ஆர். மேனேஜர் இருமுகிறார்" என்று அதையும் ஜப்பானிய மொழியில் சொன்னான் கார்முகில். மொரியாமா வரதராஜுலுவைத் திரும்பிப் பார்த்தார். அன்றோடு அந்த இருமல் குணமாகிவிட்டது. எந்த டாக்டராலும் முடியாத காரியம்.

தேவிப்பிரியா இன்னும் உட்காரவில்லை. "இன்னொண்ணு சார். ஒங்க பக்கத்துல மைக்க புடிச்சிகினு நிக்கிறாரே, அவரு பொய்யி சொல்றாரு. நாங்க ஒண்ணு சொன்னா அவரு ஒண்ணு சொல்றாரு. இத்தயும் சொல்லமாட்டாரு, பாருங்க."

 கார்முகில் மொரியாமா பக்கம் திரும்பினான். தன்னைப் பற்றி, தன் வாயால், தனக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனியின் ஆலோசகரிடம் சொன்னான். "உங்கள் பக்கத்தில் மைக்கோடு நிற்பவர் பொய் சொல்கிறார். நாங்கள் ஒன்று சொன்னால் அவர் வேறொன்று சொல்கிறார். இதையும் சொல்லமாட்டார், பாருங்கள்." சொல்லி முடித்துவிட்டு, தான் சொல்லிவிட்டதைத் தமிழில் தேவிப்பிரியாவிடமும் சொன்னான். "சொல்லிட்டேம்மா."

முதலில் சிரித்தவள் பிரவீனா. பிறகு மொத்தக் கேன்டீனும் சிரித்தது. கார்முகிலுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போனது போலவும் இருந்தது. எல்லாருக்காகவும் பயப்படும் வேலை சும்மாவா? எவ்வளவு கனம்!

இனி எல்லாம் சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். மொரியாமா பேசினார்.

பிரவீனாவின் பக்கம் திரும்பிக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லார் பக்கமும் திரும்பினார். "ஸ்டூல் போட எனக்கு அதிகாரம் இல்லை. தலைமை அலுவலகம் அனுமதிக்க வேண்டும். நின்று வேலை செய்வதில் கஷ்டம் இருக்கும் என்று எனக்கே தோன்றியிருக்கிறது. நான் எழுதவில்லை. ஒவ்வொரு மாதமும் 'இங்கே எல்லாரும் நலம்' என்றுதான் எழுதினேன். அவர்கள் விரும்பமாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்."

கார்முகிலுக்குப் பழக்கதோஷம் தலைதூக்கியது. பெரியவர் தன் கோழைத்தனத்தைத் தானே சொல்கிறார். இதைப் போய்ச் சொல்வதா? "சார் ஆவன செய்வார்" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்த அந்த மூன்று சொல்லை விழுங்கிவிட்டு, முழுவதையும் சொன்னான்.

தேவிப்பிரியா அவரையே பார்த்தாள். "அப்போ நீங்களும் இவர மாதிரிதானா சார்?"

அதையும் சொன்னான். மொரியாமா, "ஆமாம்" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

என்ன மாயமோ, அந்த ஆமாமுக்குப் பிறகுதான் பெண்கள் அவருக்குத் திரும்ப வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். தேவிப்பிரியா வேலையை விடவில்லை. இன்னும் எத்தனை கூட்டம் வந்தாலும் எல்லாவற்றிலும் கேட்பேன் என்றாள், கேட்டாள். மொரியாமா எழுதினார். தலைமை அலுவலகம் மறுத்தது. தேவிப்பிரியா சொன்னதைச் சொன்னபடியே, அந்த ஃபேன் வாக்கியம் உட்பட, கார்முகிலை உட்காரவைத்து எழுதி மறுபடி அனுப்பினார். பதில் வரத் தாமதமானது. அங்கேயும் நடுவில் யாரோ ஒரு நல்ல மனிதர் இருந்திருக்க வேண்டும்.

ஒரு வழியாக ஸ்டூல்கள் வந்தன, ஒரு லைனுக்கு மட்டும், அதுவும் சோதனைக்காக. பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருக்கிற மாதிரி உயரமான ஸ்டூல்கள். பிரவீனா முதலில் உட்கார்ந்தாள். மொரியாமா ஆவலாக முகத்தைப் பார்த்தார்.

"ஆடுது" என்றாள் பிரவீனா.

"ஆடுகிறதாம்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னான் கார்முகில். மொரியாமா குனிந்து ஸ்டூலின் காலைப் பார்த்தார்.

அறையில் கதை வேறு மாதிரி போயிற்று. கார்முகில் கேமை முதலிலிருந்து போட்டு, ஒரு வரி விடாமல் கோபாலுக்குச் சொன்னான். தம்பியை மலைக்கு அனுப்பும் இடத்தில் கோபால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அழுது முடித்துவிட்டுத் தன் தம்பியின் பெயரைச் சொன்னான். செல்வமணி. நன்றாக நீந்துவானாம், அதனால்தான் யாரும் பயப்படவில்லையாம். கார்முகில் கேமை நிறுத்திவிட்டு அன்று முழுக்க அந்தக் கதையைக் கேட்டான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

மறுவாரம் கதாநாயகி மலையேறித் தெய்வத்தைக் கொன்றாள். கோபால் பஜ்ஜியைக் கடித்தபடி பார்த்தான். "எல்லாம் கரெக்ட்தான்டா. ஆனா ஒண்ணு சொல்லட்டா? சண்டைக்கு அந்த ஹெட்மாஸ்டரே பெட்டரு" என்றான்.

கதை இவ்வளவுதான். கார்முகிலை நினைத்து நீங்கள் சிரித்தீர்கள் என்று நம்புகிறேன். சிரிக்க வேண்டிய ஆள்தான். அடுத்தவருக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவரைக் கேட்காமலே அளவெடுக்கிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் வேறென்ன செய்வது? நீங்கள் அப்படியெல்லாம் இல்லை. நீங்கள் நேர்மையானவர். உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்.

போன வாரம் உங்கள் அக்கா போன் செய்தார்கள் இல்லையா? நீங்கள் மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் பேசினீர்கள். பாதியில் உங்கள் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது, நடுவில் இரண்டு தடவை உங்கள் மனைவியின் பெயரும் அடிபட்டது. கீழே இறங்கி வந்ததும் மனைவி கேட்டார்கள், "உங்க அக்கா என்ன சொன்னாங்க?"

நீங்கள் செருப்பைக் கழற்றியபடி சொன்னீர்கள். "ஒண்ணுமில்ல. எல்லாரையும் விசாரிச்சாங்க."